குதிரை மேடம்

திருவண்ணாமலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரை சவாரி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மேனேஜராக ஒரு பெண்மணி இருந்தார். பிள்ளைகள் அவரைக் குதிரை மேடம் என்றார்கள். ஆனால் அவர் ஒரு நாள்கூடக் குதிரைமேல் ஏறியதில்லை. யாராவது வற்புறுத்தினால், "வேணாங்க, பாவம், அதுங்களுக்கு முதுகு வலிக்கும்" என்பார். அப்படியென்றால் பிள்ளைகளை மட்டும் ஏற்றுகிறோமே என்பது அடுத்த நொடியே அவருக்குத் தோன்றிவிடும். காது மடல் இரண்டும் சிவக்கும். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வெட்கம்தான். புதுப்பெண்ணின் வெட்கம் இல்லை. கண்ணெதிரே ஒரு கேவலம் நடந்துவிட்டால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வருகிற கூச்சம். நமக்கெல்லாம் அது வந்த வேகத்தில் போய்விடும். அவரிடம் வந்தால் தங்கிவிடும். தப்புச் செய்தவன் அந்தப் பக்கம் நின்று நிம்மதியாக பீடி பிடித்துக்கொண்டிருப்பான். இவர் இந்தப் பக்கம் குறுகிப்போய் நிற்பார்.

அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த உறைவிடப் பள்ளி. ஊட்டிப் பள்ளிகளில் இருப்பதெல்லாம் நம் பள்ளியிலும் இருக்கவேண்டும் என்று தாளாளருக்கு ஒரு ஆசை. மெட்ராஸில் இருந்த ஒரு அறக்கட்டளையைப் பிடித்தார். ரேஸில் ஓடி ஓய்ந்த நான்கு குதிரைகள் லாரியில் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்ள அடி அண்ணாமலையிலிருந்து காசி என்பவரை வேலைக்கு எடுத்தார்கள். முன்பு ஜட்கா வண்டி ஓட்டியவர். சவாரி சொல்லித்தர நான். மெட்ராஸில் படிக்கும்போது என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் கற்றுக்கொண்டதுதான் என் முழுத் தகுதி. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை விதைத்துக்கொண்டிருந்த என் அப்பா, "உன்ன படிக்க வச்சது குதிரைக்குப் புல்லு போடவா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்களுக்கெல்லாம் மேலே அந்த அம்மா. அதுவரை அதே பள்ளியின் விடுதியில் மெஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். குதிரைத் திட்டத்துக்கு மேனேஜர் வேண்டும் என்றபோது மற்ற எல்லோரும் நழுவிவிட்டார்கள். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது நாற்பது வயது இருக்கும். வேலூர் பக்கம் சொந்த ஊர் என்றார்கள். கணவர் இருந்தாரா, போய்விட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. கைத்தறிப் புடவை, காலில் ஆண்கள் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூ. அந்த ஷூவோடு சாணத்துக்கு நடுவில் நின்றுகொண்டு குதிரைகளை வாங்க, போங்க என்றுதான் பேசுவார். "பிஸ்கட், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காசி கூட்டணும்."

பிஸ்கட் என்பது ஒரு செம்பழுப்புப் பெண் குதிரை. அதன் ரேஸ் பெயர் பிள்ளைகளின் வாயில் நுழையாததால் அவர்களே வைத்த பெயர்.

வேலை கேட்டு நான் போன அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மாஸ்டர், பசங்க கீழ விழுந்தா யாரைத் திட்டுவீங்க?"

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "குதிரையத்தான் மேடம்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. காது சிவந்தது. நான் சொன்னதற்கு அவர் கூசிப்போனார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நாளைக்கு வந்துடுங்க" என்றார். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், பலர் எதிரில் வேட்டி அவிழ்ந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

அவருடைய வெட்கத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது நனைந்திருக்கிறோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற கூட்டம் அப்போதுதான் ஜாஸ்தியாகத் தொடங்கியிருந்தது. குதிரை இருக்கிறது என்று தெரிந்ததும் சிலர் பாதையை விட்டு உள்ளே வந்து, வாசல்படியில் அடிக்கப் பழைய லாடம் கேட்பார்கள். இருந்தால் கொடுப்போம். ஒரு தடவை ஒருவர், உயிரோடு நிற்கிற பிஸ்கட்டின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாடத்தை ஸ்பூனால் நெம்பிக்கொண்டிருந்தார். பிஸ்கட் பொறுமைசாலி, ஒன்றும் செய்யவில்லை. மேடம் ஓடிவந்தார். அந்த ஆளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிஸ்கட்டின் முகத்துக்கு எதிரே போய் நின்று, "மன்னிச்சுக்கோங்க பிஸ்கட். தெரியாம பண்ணிட்டாரு" என்றார். ஸ்பூன்காரர் காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பிரசாதப் பையையும் மறந்துவிட்டு வெளியே போனார். நாங்கள் சிரித்து உருண்டோம். அவர் மட்டும் வெகுநேரம் அந்தக் குதிரையின் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

இன்னொரு தடவை சிரிக்க முடியவில்லை. டவுனில் அரிசி மில் வைத்திருந்த ஒருவரின் மகன் எங்களிடம் கற்றுக்கொண்டிருந்தான். பையனைக் குதிரையிலிருந்து இறக்கிவிடும்போது காசி தாமதம் செய்துவிட்டார் என்று மில்காரர் எல்லோர் எதிரிலும் அவரைக் கன்னத்தில் அறைந்தார். காசிக்கு என் அப்பா வயது. கன்னத்தைத் தடவிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்தபடியே நின்றார். மேடம் வந்தார், மில்காரரைத் தாண்டிப் போனார், காசியின் முன்னால் கை கூப்பினார்.

"மன்னிச்சுடுங்க காசி."

மில்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "நீங்க எதுக்குங்க அவன்கிட்ட மன்னிப்பு கேக்கறீங்க?"

"யாராவது கேக்கணும் இல்லீங்களா" என்றார் மேடம். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். மில்காரர் பையனை இழுத்துக்கொண்டு காரில் ஏறினார். அடுத்த வாரம் காசிக்கு ஒரு மூட்டை அரிசி வந்தது, யார் அனுப்பியது என்று சொல்லாமல். காசி அதை வாங்கமாட்டேன் என்றார். அவர் மனைவி அஞ்சலை வாங்கிக்கொண்டாள்.

காசிக்கு அன்றிலிருந்து மேடம் என்றால் உயிர். ஊரில், டீக்கடையில், பம்ப் செட்டில், போகிற இடத்திலெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். "எவன் தப்பு பண்ணாலும் எங்க மேடம் கைகூப்பிடுவாங்க."

எனக்குத்தான் சில நாள் எரிச்சலாக வரும். அவர் பக்கத்தில் இருந்தால் நாம் எதையும் அலட்சியமாகச் செய்ய முடியாது. ஒரு தடவை அவரோடு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். கண்டக்டர் ஒரு பெரியவரை ஒருமையில் பேசிவிட்டான். மேடம் எழுந்து அந்தப் பெரியவருக்கு இடம் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இவங்க கண்டக்டரோட அக்காவா?" என்று பின்னாலிருந்து ஒருவர் என்னிடம் விசாரித்தார். பள்ளித் தாளாளருக்கோ இது வசதியாகப் போயிற்று. சோற்றில் பூச்சி, டாய்லெட்டில் தண்ணீர் இல்லை என்று எந்தப் பெற்றோர் சண்டைக்கு வந்தாலும், "மேடத்தைப் பாருங்க" என்று லாயத்துக்கு அனுப்பிவிடுவார். அவர்களும் மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, கத்த வந்ததை மறந்து, அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூன்றாம் வருடம் மெட்ராஸிலிருந்து அறக்கட்டளையைச் சேர்ந்த இரண்டு பேர் வரப்போவதாகத் தகவல் வந்தது. திட்டத்தைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவு செய்யத்தான் வருகிறார்கள். நான்கு குதிரைகளில் ஒன்று ஏற்கெனவே வயிற்று வலியில் படுத்திருந்தது. மிச்சம் மூன்று.

அவர்கள் வரும் நாளன்று காலை நான் பிஸ்கட்டுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தேன். காசி குனிந்து அதன் முன்னங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடம் வந்ததும் எழுந்தார்.

"மேடம், கால்ல சூடு இருக்குது. ராத்திரியில இருந்து தாங்கி நிக்குது. இன்னிக்கு இதை வுட வேணாம்."

மேடம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு குதிரையைக் காட்டினா மூடிடுவாங்க காசி. ஒரு ரவுண்டுதான். நீங்க கூடவே பிடிச்சுக்கிட்டுப் போங்க. மெதுவா."

"வேணாம் மேடம். சொன்னா கேளுங்க."

"ஒரே ஒரு ரவுண்டு."

காசி என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் முடிவெடுத்துவிட்டார் என்று தெரிந்தது. சேணத்தின் வாரை இறுக்கினேன்.

வந்தவர்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். பிஸ்கட்டின் மேல் எங்கள் பிள்ளைகளிலேயே சின்னவள், ஏழு வயசுப் பெண். காசி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மைதானத்தின் கோடியில் மழைநீர் வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் கரையை ஒட்டித் திரும்பும்போது பிஸ்கட்டின் முன்னங்கால் மடிந்தது. எந்தச் சத்தமும் இல்லை. கோயிலில் மண்டியிடுகிறவர்போல் முன்னால் சரிந்தது. காசி கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்தார். பிடித்து, தூக்கி, என் பக்கமாக எறிந்தார் என்றே சொல்லவேண்டும். நான் வாங்கிக்கொண்டேன். அவர் விலகுவதற்குள் பிஸ்கட் அவர் கால்மேல் புரண்டது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. காசியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துபோயிற்று. ஜீப்பில் ஏற்றும்போது அவர் கேட்டது, "பாப்பா அழுவுதா?" என்றுதான்.

ஜீப் போன பிறகு வந்தவர்களில் ஒருவர், "அந்த ஆள் குடிச்சிருந்தானா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்று நான் சொன்னது அந்தப் பரபரப்பில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

மாலையில் தாளாளரின் அறையில் உட்கார்ந்தோம். வந்த இருவர், தாளாளர், மேடம், நான். மேடம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இப்போது கைகூப்பிவிடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாருக்காகவோ கூப்பிய கை.

தாளாளர் ஆரம்பித்தார். "காசி சரியாப் பிடிக்கலை. வேற ஒண்ணும் இல்லை. அப்படித்தானே மேடம்?"

மேடம் முந்தானை நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"குதிரைக்குக் காலையிலேயே கால் சரியில்லீங்க" என்றேன் நான். "வேணாம்னு காசி சொன்னாரு. மேடம்கிட்டதான் சொன்னாரு. நானும் பக்கத்துல இருந்தேன். நான்தான் சேணம் கட்டினேன்."

நான்கு பேரும் மேடத்தைப் பார்த்தோம். அவர் காது சிவக்கும் என்று பார்த்தேன். சிவக்கவில்லை. முகத்திலிருந்து ரத்தமெல்லாம் இறங்கி வெளுத்துப்போயிருந்தது.

"அப்படிச் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றார்.

அவ்வளவுதான். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளாளர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். எனக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பொய் சொன்னது அவர். உடம்பெல்லாம் கூசிப்போனது எனக்கு. காதில் சூடு ஏறுவதை என்னாலேயே உணர முடிந்தது. அவருக்காக யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருந்தது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கெல்லாம் ஒரு பழக்கம் வேண்டும்.

வெளியே வந்ததும் அவர் என்னைத் தாண்டி வேகமாக நடந்து போய்விட்டார்.

திட்டம் தொடர்ந்தது. காசி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிஸ்கட்டின் காலில் கட்டுப்போட்டு லாயத்திலேயே நிறுத்தியிருந்தோம். மேடம் தினமும் வந்தார், வேலையைப் பார்த்தார், போனார். ஆனால் ஒன்று மாறிவிட்டது. அவர் எதற்கும் வெட்கப்படுவதில்லை. விடுதிப் பையன்கள் ஒரு நாய்மேல் கல் எறிந்ததைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார். ஒரு தகப்பனார் லாயத்துக்கு வந்து, காசிக்குப் பதிலாக வந்த ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை. திட்டு வாங்கியவர் பழக்க தோஷத்தில் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு எனக்கு எரிச்சலூட்டிய அந்த மன்னிப்பு இல்லாமல் லாயமே வேறு இடமாகிவிட்டது. குதிரைகளிடமும் அவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

காசி கட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும், "மாஸ்டர், ஒரு எட்டு வரீங்களா?" என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அடி அண்ணாமலையில் கோயிலுக்குப் பின்னால் காசியின் வீடு. அஞ்சலை வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவரைப் பாக்கணும்" என்றார் மேடம்.

"தூங்குது."

உள்ளேயிருந்து காசியின் இருமல் கேட்டது. அஞ்சலை நகரவில்லை.

"ஊருல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமாம்மா? காசி குடிச்சுட்டுக் குதிரையப் புடிச்சான், அதான் வுழுந்துட்டான்னு பேசறாங்க. கல்யாணமாகி இத்தினி வருசத்துல எங்க ஆளு ஒரு சொட்டு தொட்டதில்ல. பொண்ணு பாக்க வரேன்னு சொன்னவங்க வரல. குடிகாரன் வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

மேடம் நின்றுகொண்டே இருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அது உங்களப் பத்தி ஊரெல்லாம் பெருமையா பேசும். யாரு தப்பு பண்ணாலும் எங்க மேடம் மன்னிப்பு கேட்டுடுவாங்க, எங்க மேடம் கேட்டுடுவாங்கன்னு. நானும் நம்பிக்கினு இருந்தேன்." அஞ்சலையின் குரல் இறங்கியது. "நீங்க பண்ணதுக்கு யாரும்மா கேக்கறது?"

மேடம் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் எத்தனையோ பேருக்காகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். இன்று தன் கணக்கில் சொல்லவேண்டிய இடத்தில் அது அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அஞ்சலை உட்கார்ந்து மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்தாள். நாங்கள் திரும்பினோம். பாதி வழியில் மேடம் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் அவர் தாளாளரிடம் போய், காசி சொன்னது உண்மை, கேட்காமல் விட்டது நான்தான் என்று சொல்லிவிட்டார். தாளாளர் சொன்ன பதிலை மேடமே பிற்பாடு என்னிடம் சொன்னார்: "முடிஞ்சு போனதை எதுக்கு மேடம் கிளறறீங்க? திட்டம் நல்லா நடக்குது இல்ல? காசிக்கு ஏதாவது பார்த்துச் செய்யலாம். நீங்க போய் வேலையப் பாருங்க." மேடம் மெட்ராஸுக்கும் போன் பேசினார். அங்கேயும் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

ஆண்டு விழா வந்தது. சவாரியில் தேறிய பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவது மேடத்தின் வேலை. அன்று மத்தியானம் என்னிடம், "காசியையும் அஞ்சலையையும் ஆட்டோவுல கூட்டிக்கிட்டு வர முடியுமா?" என்றார். காசி வரமாட்டேன் என்றார். அஞ்சலைதான் சட்டையை எடுத்துப் போட்டுக் கிளப்பினாள். பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கட்டுப்போட்ட காலை நீட்டிவைக்க முன்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

மேடம் மைக்கின் முன்னால் வந்தார். பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிடவில்லை.

"பெற்றோர்களுக்கு வணக்கம். குதிரை விழுந்தது உங்களுக்குத் தெரியும். காசி குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்க. அவரு குடிக்கலை. குதிரைக்குக் காலு சரியில்லை, விட வேணாம்னு என்கிட்ட சொன்னாரு. நான் கேக்கலை. அப்புறம் என்னைக் கேட்டப்போ அவரு சொல்லவே இல்லைன்னு சொன்னேன். அது பொய்."

மைக் கிறீச்சிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாளாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தியக் காப்பாத்தினது அவருதான். அவரு கால் போனது என்னால. காசி, நான்..."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. கை கூப்ப முயன்றார். ஒரு கையில் மைக் இருந்தது, கூப்ப வரவில்லை. தமிழாசிரியர் ஓடிவந்து, "நன்றி மேடம், நன்றி" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்து சிலர் கைதட்டினார்கள். அந்தக் கைத்தட்டலுக்கு நடுவில் அவர் படியிறங்கினார். நான் பார்த்ததிலேயே பார்க்கச் சகிக்காத காட்சி அதுதான். தைரியமான காரியம் என்று அதைப் பிற்பாடு சிலர் சொன்னார்கள். அந்த நேரத்தில் அது அப்படி இருக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காசி தலையைக் குனிந்துகொண்டு, "இத்தினி பேர் எதிர்ல இதெல்லாம் எதுக்கு, பாவம்" என்று முணுமுணுத்தார். அஞ்சலை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, பந்தலில் இருந்தவர்களை வரிசை வரிசையாகப் பார்த்தாள். எல்லோர் காதிலும் விழுந்ததா என்று பார்ப்பதுபோல.

அந்த வாரமே மேடத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டதால் காசியின் வைத்தியச் செலவைப் பள்ளியே ஏற்றுக்கொண்டது. கால் நேராகவில்லை. குச்சி ஊன்றிக்கொண்டு லாயத்துக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே மற்றவர்களை வேலை வாங்கினார். அடுத்த தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வேறு இடம், நல்ல இடம். மேடத்துக்கென்று ஒரு பத்திரிகையை அஞ்சலை என்னிடம் கொடுத்தாள். எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போயிருந்தார்.

மேனேஜர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சில வருடங்கள் பார்த்தேன். அறக்கட்டளைக்கு ஆர்வம் போய்விட்டது. குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார்கள். பிஸ்கட் மட்டும் யாருக்கும் வேண்டாததால் எங்களிடமே இருந்து செத்தது.

அதற்கும் பல வருடங்கள் கழித்து, என் அக்கா மகளைக் கல்லூரியில் சேர்க்க வேலூர் போனேன். பெண்கள் விடுதியின் ஆபீஸில் ஐந்தாறு பெற்றோர்கள் காத்திருந்தார்கள். உள்ளே வந்த வார்டன் அவர்தான். முடி நரைத்து, உடம்பு இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். நான் எழுந்தேன். அடையாளம் தெரியாததுபோல் இருந்துவிட்டால் அவருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அவரே கிட்டே வந்தார். அங்கே இருந்தவர்களிடம் திரும்பி, "இவரு நான் முன்னாடி வேலை செஞ்ச இடத்துல மாஸ்டர். அங்க நான் ஒரு பெரிய பொய் சொன்னேன். அப்போ என் எதிர்லயே உண்மையச் சொன்னவரு" என்றார். சாதாரணமாக, இவர் எங்கள் ஊர்க்காரர் என்று அறிமுகம் செய்வதுபோல் சொன்னார். பெற்றோர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

கூட்டம் குறைந்த பிறகு டீ வரவழைத்தார்.

"காசி எப்படி நடக்கறாரு?"

"தாங்கித் தாங்கித்தான் மேடம். குச்சி இல்லாம முடியாது."

"தெரியும்" என்றார். "தீபத்துக்கு வருஷா வருஷம் வரேன். அடி அண்ணாமலையில கோயிலாண்ட கடை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு, அகல் விளக்கு வித்துக்கிட்டு. எதிர்த்த பக்கம் நின்னு பார்ப்பேன்."

"பேச மாட்டீங்களா?"

"இல்ல."

"பேச வேண்டியதுதானே மேடம்? அவருக்கு உங்க மேல எதுவும் இல்ல. இன்னிக்கும் உங்களைக் கேப்பாரு."

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அதுக்காகத்தான் மாஸ்டர். போய் நின்னா, பரவால்ல மேடம், விடுங்கன்னு சொல்லிடுவாரு. கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவாரு. நானும் அதை வாங்கிக்கிட்டு நிம்மதியா பஸ் ஏறிடுவேன். அவரு அங்கயே குச்சியோட உக்காந்திருப்பாரு."

வெளியே ஏதோ ஒரு பெண் வார்டனைக் கூப்பிட்டாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அக்கா மகளின் பெட்டியை மாடி அறையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். கேட் வரை கூடவே வந்தாள். அவள் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

"மாமா, வார்டன் அப்படி என்னதான் பொய் சொன்னாங்க?"

சொல்ல வாய் வந்தது. பிறகு வேண்டாம் என்று தோன்றியது.

"அவங்களையே கேளும்மா" என்றேன். "சொல்லுவாங்க."